காட்சித் தோட்டத்து இங்கிலாந்து

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருவீதியிற் பயணஞ் செய்தோர், வீதியின் இரு மருங்கிலும் வாசனைத் திரவியத் தோட்டங்கள் பல இருப்பதைக் கண்டிருப்பர். வெளிநாட்டு உல்லாசப் பிரயாணிகளுக்கென்றே வகுத்தமைத்தவை அவை. வாயிலிலே பெயர்ப்பலகை, உள்ளே கூட்டிப் பெருக்கிய ஒற்றையடிப் பாதை, பாதையோரம் மிளகுக் கொடி ஒன்று, கறுவாச் செடி ஒன்று, கொக்கோ மரம் ஒன்று, வனிலாக் கொடி ஒன்று. வழிகாட்டி ஓர் இலையைக் கசக்கி முகரக் கொடுப்பார். பாதையின் முடிவிலே கடை. போத்தல்களும் பொட்டலங்களும் அங்கே வரிசையாகக் காத்திருக்கும்.

இத்தோட்டங்களைக் குறைகூற நான் வரவில்லை. அவற்றாற் பல குடும்பங்கள் சீவிக்கின்றன. ஆயினும், மாத்தளை மாவட்டத்து மிளகு விளைவது அங்கேயன்று. அது வீதியினின்றும் விலகிய மேட்டு நிலங்களிலே, அட்டை கடிக்கும் ஈரத்திலே, மழை பிந்தினால் மனங் கலங்கி, விலை விழுந்தாற் கடனேறும் சிறு தோட்டக்காரனின் காணியிலே விளைகிறது. முன்னது காட்சித் தோட்டம்; பின்னது விளைநிலம். இவ்விரண்டுக்குமுள்ள வேறுபாட்டை மாத்தளையிற் பிறந்த பிள்ளைக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அதே பிள்ளை, வெண்திரையிலே இங்கிலாந்தைக் காணும்போது மட்டும், காட்சித் தோட்டத்தையே விளைநிலமென நம்பிவிடுகிறதே, அஃது ஏன்? இங்கிலாந்தின் காதல் நகைச்சுவைப் படங்கள் பிற நாட்டாருக்கு விற்கப்படும் முறையைப் பற்றி நான் சிந்திக்கத் தொடங்கியது இக்கேள்வியிலிருந்தே. இதிலே எனக்கும் ஒரு பங்குண்டு. அதை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

வகுப்பறையில் ஒரு படம்

மாத்தளைப் பகுதிப் பாடசாலையொன்றிற் பல ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து இளைப்பாறியவன் நான். பாடநூலின் ஆங்கிலம் எங்கள் பிள்ளைகளின் நாவில் இலகுவில் ஏறுவதில்லை. காதாற் கேட்டுப் பழகட்டுமென எண்ணி, உயர்தர வகுப்பு மாணவருக்கு ஒருநாள் பிற்பகல் ‘நொட்டிங் ஹில்’ என்னும் படத்தைக் காட்டினேன். 1999இல் வெளிவந்த படம். இலண்டனிலே புத்தகக்கடை வைத்திருக்கும் கூச்ச சுபாவமுள்ள இளைஞனுக்கும், உலகப் புகழ் பெற்ற அமெரிக்க நடிகை ஒருத்திக்குமிடையே மலரும் காதலே கதை. ஹியூ கிராண்டும் ஜூலியா றொபேட்சும் நடித்தது. பிள்ளைகள் வாய்விட்டுச் சிரித்தனர். நானும் சிரித்தேன். அச்சிரிப்பை இன்றும் நான் மறுதலிக்கவில்லை. நல்ல நகைச்சுவை, நல்ல நடிப்பு.

படம் முடிந்ததும், மொழியைப் பற்றி எவரும் கேட்கவில்லை. தோட்டத்திலிருந்து நாள்தோறும் நடந்துவரும் மாணவி ஒருத்தி எழுந்து, “சேர், லண்டன் முழுக்க இப்படித்தானா?” என்று கேட்டாள்.

“ஏறக்குறைய அப்படித்தான்” என்றேன்.

நான் இலண்டனைக் கண்டவனல்லன். கடலைத் தாண்டியதே இல்லை. கேள்வி கேட்ட பிள்ளையைப் போலவே யானும் அந்நகரை அறிந்தது படங்களாலும் கதைகளாலுமே. எனினும் ஆசிரியன் என்ற அதிகாரத்தோடு அவ்விடையைக் கூறினேன். ஒரு விளம்பரத்துக்கு நான் சம்பளமின்றி முகவரானேன் என்பதை உணரச் சில ஆண்டுகள் சென்றன.

விற்பனையின் இரகசியம்

இவ்வகைப் படங்களின் வணிகச் சரித்திரத்தை நோக்குவோமாயின், அதன் திருப்புமுனை 1994ஆம் ஆண்டு எனலாம். ‘நான்கு திருமணங்களும் ஒரு மரணச் சடங்கும்’ என்று பொருள்படும் ‘போர் வெடிங்ஸ் அண்ட் எ பியூனரல்’ அவ்வாண்டில் வெளிவந்தது. றிச்சட் கேர்ட்டிஸ் எழுதியது. மைக் நியூவல் நெறிப்படுத்தியது. 30 இலட்சம் பவுணுக்கும் குறைவான செலவில் எடுக்கப்பட்ட இச்சிறு படம், உலகெங்கும் ஏறத்தாழ 245 மில்லியன் டொலரை ஈட்டிற்று. அதுகாறும் வந்த பிரித்தானியப் படம் எதுவும் கண்டிராத வசூல் அது.

இப்படம் முதன்முதலில் எங்கே காட்டப்பட்டது? இலண்டனில் அன்று. 1994 சனவரியில் அமெரிக்காவின் சண்டான்ஸ் திரைப்பட விழாவிற் காட்டப்பட்டு, மார்ச்சு மாதத்தில் அமெரிக்க நகரங்களில் ஒருசில கொட்டகைகளில் மாத்திரம் திரையிடப்பட்டது. வாய்மொழி பரவப் பரவக் கொட்டகைகளின் தொகை பெருகிற்று. ஏப்பிரலில் அமெரிக்க வசூலில் முதலிடம். மே மாதத்திலேதான் அது தன் சொந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தது. அப்போது இங்கிலாந்து மக்களுக்கு அது எவ்வாறு விளம்பரப்படுத்தப்பட்டது? ‘அமெரிக்காவின் முதலிட நகைச்சுவைப் படம்’ என்றே! ஆங்கிலேயர் தம்மைப் பற்றிய படத்தைப் பார்க்கலாமா என்பதற்கு அமெரிக்கரின் நற்சாட்சி வேண்டியிருந்தது. சிதம்பரத்து நடனத்துக்குச் சீமையிலிருந்து சான்றிதழ் பெறும் நம்மவரின் மனப்பான்மை நமக்கு மட்டும் உரியதன்று என்பதை அறிய ஒருவகை ஆறுதல் உண்டாகிறது.

அமெரிக்கச் சந்தைக்காகச் செய்த பிற ஆயத்தங்களும் கவனிக்கத் தக்கவை. படத்தின் பெயரில் மரணச் சடங்கு இருப்பது கூட்டத்தை விரட்டிவிடும் என விநியோகஸ்தர் அஞ்சி, வேறு பெயர் வைக்க வற்புறுத்தினர். தொடக்கக் காட்சியில் நாயகன் பிந்தி எழுந்து ஓடும்போது அடுக்கடுக்காக உதிர்க்கும் வசைச்சொல், அமெரிக்கத் தொலைக்காட்சிக்கென மென்மையான வேறொரு சொல்லாக மாற்றி மறுபடி எடுக்கப்பட்டது. கதாநாயகியாக அமெரிக்க நடிகை அண்டி மக்டவல் அமர்த்தப்பட்டார். இம்முறை பின்னரும் தொடர்ந்தது: 1999இல் ஜூலியா றொபேட்ஸ், 2001இல் ‘பிரிட்ஜட் ஜோன்ஸின் நாட்குறிப்பு’ என்ற படத்தில், இலண்டன் மாதாகவே நடிக்க டெக்சாஸ் மாநிலத்து றெனே செல்வெகர். அமெரிக்கப் பார்வையாளர் தம் ஊராள் ஒருத்தியின் கையைப் பற்றிக்கொண்டே இங்கிலாந்துக்குள் நுழைகின்றனர். அந்நிய நாட்டின் அச்சம் அவர்க்கு இல்லை. அந்நிய நாட்டின் அழகு மட்டும் உண்டு.

திரைக்கு வெளியே நடந்த வணிகம் இன்னும் நுட்பமானது. படத்துக்கெனப் புதிதாய்ப் பாடப்பெற்ற பழைய பாடலொன்று பிரித்தானியாவில் 15 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. ஒவ்வொரு முறை வானொலியில் அது ஒலித்தபோதும் படத்துக்கு இலவச விளம்பரம். இலண்டன் முதற்காட்சிக்கு ஹியூ கிராண்டின் தோழி எலிசபெத் ஹேர்லி அணிந்துவந்த உடை, மறுநாட் பத்திரிகைகளின் முன்பக்கங்களை நிரப்பிற்று. இலக்கிய அன்பர்களுக்கு வியப்பூட்டும் செய்தி இன்னொன்று: அம்மரணச் சடங்குக் காட்சியில் டபிள்யூ. எச். ஓடனின் இரங்கற்பா ஒன்று படிக்கப்படுகிறது. படம் வென்றதும், பதிப்பகத்தார் அக்கவிஞரின் காதற் கவிதைகள் சிலவற்றைச் சிறு பிரசுரமாக வெளியிட, அது இரண்டு இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்பனையாயிற்று. கவிஞர் இறந்து அப்போது 21 ஆண்டுகள். கவிதை படத்தை விற்றதோ, படம் கவிதையை விற்றதோ, யாரறிவார்? கவிதை வாசிக்கப்பட்டது என்ற மட்டில் நான் மகிழ்கிறேன்.

‘பிரித்தானியப் படம்’ என்கிறோம். ஆனால் இவற்றை ஆக்கிய ‘வேர்க்கிங் டைட்டில்’ நிறுவனத்தின் பின்னால் முதலில் நின்றது, ஒல்லாந்து முதலீட்டைக் கொண்ட பொலிகிராம். 1998இல் அதனைக் கனடாவின் சீகிராம் வாங்க, அடுத்த ஆண்டு முதல் ஹொலிவூட்டின் யூனிவேர்சல் நிறுவனத்தோடு வேர்க்கிங் டைட்டில் பிணைந்தது. நிலமும் குரலும் இங்கிலாந்தினுடையவை. பணமும் சந்தையும் கடல் கடந்தவை. ஆகவே இங்கிலாந்து எவ்வாறு தோன்ற வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதிலே அந்நாட்டில் வாழ்வோரைக் காட்டிலும், அதனை வெளியிலிருந்து காண ஆசைப்படுவோருக்கே கூடிய பங்கு கிடைத்தது. கடையின் ஒழுங்கு வாங்குவோனுக்காக அமைவதுதானே!

வேலிக்கு வெளியே நின்றவர்கள்

இனி, நான் வகுப்பிற் காட்டிய ‘நொட்டிங் ஹில்’லுக்கு வருவோம். அதன் சுவரொட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். சுவரை நிறைத்து நிற்கும் ஜூலியா றொபேட்சின் பிரமாண்டமான முகத்தின் முன்னால், ஹியூ கிராண்ட் சிறு உருவாக நடந்து போகிறார். ஒரு சுவரொட்டிக்குள் இன்னொரு சுவரொட்டி! கதைக்குள்ளும் அவ்வாறே: நடிகையைக் காணச் சென்ற நாயகன், பத்திரிகையாளர் கூட்டத்துள் அகப்பட்டு, குதிரை வளர்ப்புப் பற்றிய சஞ்சிகையின் நிருபரென வேடமிட்டு, பார்த்திராத படத்தைப் பற்றிக் கேள்வி கேட்டுத் தவிக்கும் காட்சி மறக்கவொண்ணாதது. படங்கள் விற்கப்படும் முறையை அப்படமே பரிகசிக்கிறது. தன்னை அறிந்த வணிகம் அது. அறியாதவர் நாமே.

அந்த நொட்டிங் ஹில் எத்தகைய இடம்? 1950களில், கரீபியன் தீவுகளிலிருந்து இங்கிலாந்தின் அழைப்பையேற்று வேலைக்கு வந்த கறுப்பின மக்கள், இடிந்த வீடுகளில் நெருக்கியடித்து, கொடிய வாடகை கொடுத்து வாழ்ந்த பகுதி அது. 1958ஆம் ஆண்டின் கோடை இறுதியில் வெள்ளை இளைஞர் கூட்டங்கள் அம்மக்களை இரவு இரவாகத் தாக்கின. மறு ஆண்டு மே மாதத்தில் கெல்சோ கொக்ரேன் என்ற அன்ரிகுவாத் தீவின் தொழிலாளி அப்பகுதித் தெருவிற் குத்திக் கொல்லப்பட்டார். அந்தத் துயரத்தினின்றும் எழுந்த மக்கள், 1966 முதல் ஆண்டுதோறும் தெருவிலே கொண்டாடும் பெருவிழாவை வளர்த்தெடுத்தனர். இன்று ஐரோப்பாவின் மிகப் பெரிய தெரு விழாக்களுள் அது ஒன்று.

இவற்றுள் எதுவும் படத்தில் இல்லை. விழா இல்லை, விழாவை உண்டாக்கியோர் முகமும் அரிதினும் அரிது. இக்குறையை அந்நாட்டு விமரிசகர்களே படம் வந்த காலத்தில் எடுத்துக்காட்டினர். காதற் கதைக்குச் சரித்திரம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமே. ஒரு கதை எல்லாவற்றையும் சொல்ல முடியாது. ஆனால், கதைக்கு ஓர் ஊரின் பெயரையே சூட்டி, அப்பெயரை உலகமெங்கும் ஒட்டி, அதன் பின் அவ்வூரை யார் எண்ணினாலும் அப்படமே நினைவில் எழுமாறு செய்துவிட்டால், விடுபட்டவர்கள் கதையிலிருந்து மட்டுமா விடுபடுகின்றனர்? ஊரிலிருந்தே விடுபடுகின்றனர்.

நாயகன் வீட்டு நீலக் கதவைக் காண இன்றும் பிரயாணிகள் அங்கே திரள்கின்றனர். படத்திற் கண்ட மூலக் கதவு ஏலத்தில் விற்கப்பட்டுவிட்டது. இன்று நிற்பது வேறு கதவு. கதைக்கு ஊக்கமளித்த அசல் புத்தகக்கடையோ 2011இல் மூடப்பட்டது. நூல் விற்ற கடை நிலைக்கவில்லை. நூற்கடையின் நிழல் நிலைத்தது! நூல்களை நேசிப்போர் ஒரு கணம் நின்று சிந்திக்க வேண்டிய இடம் இது.

அதே கை, அதே வித்தை

இங்கிலாந்து தன்னை விற்கும் இவ்வித்தை புதிதன்று. முன்னொரு காலத்தில் எம்மை விற்றுப் பழகிய வித்தையே அது. 1934இல் பசில் றைற் என்ற ஆங்கிலேயர் ‘இலங்கைக் கீதம்’ என்று பொருள்படும் ‘சோங் ஒவ் சிலோன்’ என்ற விவரணப் படத்தை ஆக்கினார். அடுத்த ஆண்டு பிரசல்ஸ் விழாவில் முதற் பரிசு பெற்று, இன்றளவும் உலக விவரணப் படங்களுள் ஒன்றாகப் போற்றப்படும் கலைச்செல்வம் அது. சிவனொளிபாத மலை யாத்திரையும், கண்டிய நடனமும், றொபேட் நொக்சின் 17ஆம் நூற்றாண்டு வசனங்களும் அதிலே எத்துணை அழகாக இழைந்திருக்கின்றன! ஆனால் அதற்குப் பணம் தந்தது யார்? இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. தேயிலை விற்கவே அக்கீதம் பிறந்தது.

அதற்கும் முன்னர், 1890இல் இங்கே தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன், ‘தேயிலைத் தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கேத்தலுக்கு’ என்ற வாசகத்தால் உலகை வளைத்தார். அவ்வாசகத்தில் உள்ள ‘நேரே’ என்ற சொல்லை மாத்தளையில் நின்று பாருங்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, நாலந்தா கடந்து மாத்தளைக்கு நடந்துவந்த தமிழ்த் தொழிலாளர், காய்ச்சலாலும் பேதியாலும் வழிநெடுக வீழ்ந்துபட்டனர். மலைநாட்டின் தலைவாயில் அன்று எம் மாத்தளை. அந்த நடைவழியை ஒட்டியே, இன்றைய வாசனைத் திரவியத் தோட்டங்கள் பெயர்ப்பலகைகளோடு நிற்கின்றன. ‘நேரே’ என்ற சொல்லுக்குள்ளே அவர்கள் நடந்த வழி ஒரு மைலேனும் இல்லை. கொழுந்துக் கூடையைத் தாங்கிய பெண்ணின் புன்னகை தேயிலைப் பெட்டியில் உண்டு. அவள் வாழும் லயன் காம்பரா இல்லை.

நொட்டிங் ஹில்லில் விடுபட்டவனும், தேயிலைப் பெட்டியில் விடுபட்டவளும் ஒரே சாம்ராச்சியத்தின் வேலையாட்கள். ஒருவன் அவர்களின் தெருவிலே, ஒருத்தி எம் மலையிலே. இருவரையும் விலக்கிய பின் எஞ்சும் சித்திரமே அழகிய சித்திரமாக விலைபோகிறது. தேயிலைப் பெட்டியின் படத்தைக் கண்டு ‘இது பொய்’ என்று நகைக்கும் எம் பிள்ளைகள், இலண்டன் படத்தைக் கண்டு நகைக்காதிருப்பது, தம் விளைநிலத்தை அறிந்த அளவு பிறர் விளைநிலத்தை அறியாமையாலேயே.

மறுப்புரைக்கு விடை

“கனவு காண்பதும் குற்றமோ? நாள் முழுதும் உழைத்தவன் இரண்டு மணி நேரம் இனிமையைத் தேடினால் நீர் ஏன் சரித்திரப் பாடம் நடத்துகின்றீர்?” என்று சில நண்பர்கள் என்னைக் கேட்டதுண்டு. கனவை நான் பழிக்கவில்லை. சிறுவயதில், மோட்டார் வண்டியில் ஒலிபெருக்கி கட்டி நோட்டீசு வீசிச் சென்ற தமிழ்ப் படங்களின் பின்னால் ஓடியவன் நான். ‘குடும்பத்துடன் கண்டு களியுங்கள்’ என்ற அழைப்பை நம்பிக் குடும்பமே மலையிறங்கி நடந்ததுண்டு. அப்படங்களில் வரும் மாளிகைகளைக் கண்டு, சென்னை முழுதும் மாளிகை என்று எம் பெற்றோர் எண்ணவில்லை. ஏனெனில் அந்தக் கரையின் வறுமையை அவர்கள் பரம்பரை அறிந்திருந்தது. அறிந்தவனுக்குக் கனவு மருந்து. அறியாதவனுக்கோ அது வழிகாட்டிப் பலகை. வேறுபாடு அங்கேதான்.

“உள்ளதைக் காட்டினால் எவன் வாங்குவான்?” என்பது இன்னொரு கேள்வி. இதற்கு இங்கிலாந்திலிருந்தே விடை கூறலாம். 2002இல் குரிந்தர் சாதா என்ற பஞ்சாபிப் பெண்மணி ஆக்கிய ‘பெண்ட் இட் லைக் பெக்கம்’ என்ற படத்தில், இலண்டனின் மேற்கு ஓரத்திலே விமானங்கள் தாழப் பறக்கும் ஹவுன்சிலோ வருகிறது. சப்பாத்தி சுடும் தாய் வருகிறாள். நிறத்தின் பேரால் துடுப்பாட்டக் கழகத்தினின்றும் விரட்டப்பட்ட தந்தையின் காயம் வருகிறது. காதலும் சிரிப்பும் குறைவின்றி வருகின்றன. பெக்கம் இன்னாரென அறியாத அமெரிக்காவில் 2003இல் வெளியாகியும் அது வென்றது. 2010இல் வடகொரியத் தொலைக்காட்சியிற்கூடக் காட்டப்பட்டது. விளைநிலத்தையும் விற்கலாம், துணிவு வேண்டும்.

அதே அம்மையார் 2004இல் ஜேன் ஒஸ்டினின் நாவலைத் தழுவி ஐஸ்வர்யா ராயைக் கொண்டு எடுத்த படமோ, ஆங்கிலத்தில் ஒரு பெயரோடும், இந்தியில் ‘பல்லே பல்லே’ என்ற வேறு பெயரோடும் இரு சந்தைகளுக்கு இரு முகங் காட்டிற்று. அதற்கு முன்னரே, 2000இல், ராஜீவ் மேனன் அந்நாவலாசிரியையின் இன்னொரு கதையைத் தழுவி, ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ எனத் தமிழிலே தந்தார். அதில் இங்கிலாந்துப் பனி இல்லை. காரைக்குடிப் பக்கத்து வீடு உண்டு. இங்கிலாந்திலிருந்து நாம் பெறத் தக்கது சித்திரத்தை அன்று, தன் ஊரைக் கூர்ந்து நோக்கிச் சிரிக்கும் கண்ணையே என்பதற்கு இது நல்ல சான்று. பெருந்தோட்டத்து வாழ்விலே காதல் இல்லையா? நகைச்சுவை இல்லையா? பெரட்டுக் களத்தில் நின்று பார்த்தவர்கள் சொல்லட்டும்!

நீலக் கதவின் முன்னே

இத்தனையும் எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை இறுதியிற் கூறுகிறேன். அன்று வகுப்பில் எழுந்து கேள்வி கேட்ட மாணவி 2023இல் இங்கிலாந்துக்குப் போனாள். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி எம் நாட்டை உலுக்கிய காலம். அவ்வாண்டு பெப்ரவரியிலேயே முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு வெளிநாட்டாரை எடுக்க இங்கிலாந்து வாயில் திறந்திருந்தது. தாயின் நகைகள் அடகுக்குப் போயின, கடனும் வாங்கப்பட்டது. முகவரின் சுவரொட்டியில் சிவப்பு நிற இரட்டைத் தட்டுப் பேருந்தும், பனியும், சிரிக்கும் இளைஞர் கூட்டமும் இருந்தன. எந்தப் படத்தின் சட்டகம் அஃதென எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சில மாதங்களுக்குப் பின் அவள் எனக்குக் கடிதம் எழுதினாள். இரவு முழுதும் வேலை, பகலில் உறக்கம், நால்வர் பகிரும் ஓர் அறை, வாடகை போக அனுப்பக்கூடிய தொகை சிறிது. முதியோர் அன்பானவர்கள் என்றும் எழுதியிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பேருந்து மாறி நொட்டிங் ஹில்லுக்குப் போய்வந்ததாகவும், நீலக் கதவின் முன்னால் வரிசையில் நின்று படமெடுத்ததாகவும் குறிப்பிட்டு, “சேர், நீங்க காட்டின இடம்தான்” என்று முடித்திருந்தாள்.

அவளது வீட்டுக்கு நான் சென்றபோது, அப்படம் பெரிதாக்கப்பட்டு, சட்டமிட்டு, காம்பராச் சுவரிலே சாமி படங்களுக்கு அருகில் தொங்கிற்று. சிவப்புக் கழுத்துப்பட்டி, சிரித்த முகம், பின்னால் நீலக் கதவு. அவளது அறையின் படம் அங்கில்லை, அவள் அனுப்பவில்லை. எந்தப் பிள்ளை அனுப்பும்? தாய் கவலைப்படுவாளே! அன்பினாலேயே அவள் தன் விளைநிலத்தை மறைத்துக் காட்சித் தோட்டத்தை அனுப்பினாள். அயல் வீட்டுச் சிறுமி ஒருத்தி அப்படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். “நானும் அக்கா மாதிரிப் போவேன்” என்றாள்.

அக்கணத்திலேதான் எனக்கு யாவும் விளங்கின. ஹொலிவூட்டின் பணம் ஆக்கிய சித்திரம், என் வகுப்பறை வழியாக, அவ்வேழைப் பெண்ணின் சொந்தச் செலவிலேயே, மாத்தளை மலையின் காம்பராச் சுவர் வரை வந்து சேர்ந்துவிட்டது. இதைவிடத் திறமையான விநியோகம் உலகில் உண்டோ? இதற்கிடையில், 2025 யூலையில் அவ்வேலைக்குப் புதிதாக வெளிநாட்டாரை எடுப்பதை இங்கிலாந்து நிறுத்திவிட்டது. வாயில் மூடிற்று. சுவரிலுள்ள படம் அப்படியே இருக்கிறது.

பிள்ளைகள் போகக் கூடாது என்று நான் கூறவில்லை. அப்படிக் கூறும் உரிமை, அவர்களுக்கு இங்கே கண்ணியமான வாழ்வை அமைத்துக் கொடுக்காத தலைமுறையைச் சேர்ந்த எனக்கு இல்லை. போகிறவர்கள் கண் திறந்து போகட்டும் என்பதே என் வேண்டுகோள். படங்களைத் தடுக்கவும் வேண்டாம். சக ஆசிரியர்களே, அவற்றைக் காட்டுங்கள். கூடவே சுவரொட்டியையும் காட்டுங்கள். இதற்குப் பணம் தந்தவர் யார்? முதலில் எந்த நாட்டாருக்குக் காட்டப்பட்டது? சட்டகத்துக்குள் நிற்பவர் யார்? வெளியே நிற்பவர் யார்? இந்நான்கு கேள்விகளையும் பிள்ளைகளையே கேட்கச் செய்யுங்கள். செய்யுளுக்குப் பதவுரை கற்பிக்கும் நாம், சித்திரத்துக்குப் பதவுரை கற்பிக்கத் தயங்குவானேன்? இன்றைய மாணவரின் வாழ்வைச் செய்யுளைவிடச் சித்திரமே கூடுதலாக ஆள்கிறது என்பது கசப்பான உண்மை.

மாணவரே, உங்களுக்கு ஒரு சொல். வெளிநாட்டார் எம் வீதியோரத்துத் தோட்டத்தில் ஒற்றை மிளகுக் கொடியைப் பார்த்து ‘இதுவே மாத்தளை’ என்று செல்லும்போது, உங்களுக்கு உள்ளூரச் சிரிப்பு வருகிறதன்றோ? அச்சிரிப்பைச் சற்றுச் சேமித்து வையுங்கள். இலண்டன் படம் பார்க்கும்போது அது பயன்படும்.

அன்று அம்மாணவி கேட்ட கேள்விக்கு, பல ஆண்டு பிந்தியேனும் என் விடையைத் திருத்திக்கொள்கிறேன். இல்லை, மகளே, இலண்டன் முழுக்க அப்படி இல்லை. அது எப்படி என்பதை எனக்குச் சொல்ல வேண்டியவள் நீயே. அடுத்த கடிதத்தில் உன் அறையைப் பற்றி எழுது.